கடைக்கோடிக் குழாயும் கணக்குப் புத்தகமும்

ஒரு கிராமப் பஞ்சாயத்தின் நிர்வாகம் செவ்வையாக நடைபெறுகிறதா இல்லையா என்பதை அறியவேண்டுமானால், பஞ்சாயத்து அலுவலகத்திற்குச் செல்லவேண்டிய அவசியமில்லை. ஊரின் கடைக்கோடியில், தண்ணீர்க் குழாய் முடிகின்ற இடத்தில், காலையில் தண்ணீர் விடும் நேரத்தில் சென்று நின்றால் போதும். அங்கே எத்தனை குடங்கள் வரிசையில் நிற்கின்றன, ஒரு குடம் நிரம்ப எவ்வளவு நேரமாகிறது, வருகின்ற நீர் தெளிவாக உள்ளதா என்னும் மூன்றையும் பார்த்துவிட்டால், அந்தப் பஞ்சாயத்தின் கணக்குகள் எப்படியிருக்கும், கூட்டங்கள் எப்படி நடக்கும் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். பல ஆண்டுகள் ஒன்றியப் பணியில் இருந்து நான் கண்ட உண்மை இது. இதனை நான் கற்றுக்கொண்டது ஒரு தவற்றின் வாயிலாக என்பதைப் பின்னர்க் கூறுகிறேன்.

சமுதாய வளர்ச்சித் திட்டம் 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பெற்ற காலத்தில், கிராமத்துக் குடிநீர் என்றால் கிணறுதான். கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புவதும், சுற்றிலும் மேடை கட்டுவதும், கழிவுநீர் உள்ளே இறங்காமல் வாய்க்கால் விடுவதுமே அன்றையப் பஞ்சாயத்துகளின் பெரும் பணியாக இருந்தன. அக்கிணறு ஊரில் எல்லார்க்கும் உரியதாக இருந்ததா என்பது வேறு கேள்வி. பல ஊர்களில் அவ்வாறு இருந்ததில்லை என்பதை மறைப்பதில் பயனில்லை. ஆயினும் கிணற்றில் ஒரு வசதி உண்டு. எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரியும். மட்டம் இறங்கினால் கயிற்றின் நீளமே சொல்லிவிடும். பாசி படர்ந்தாலும், ஏதேனும் விழுந்து கிடந்தாலும், நீர் இறைக்க வரும் பெண்கள் அன்றைக்கே ஊருக்குச் சொல்லிவிடுவார்கள். அதற்கெனத் தனியே புத்தகம் ஒன்றும் வேண்டியதில்லை.

இன்று நிலைமை முற்றிலும் வேறு. தண்ணீர் பல நூறு அடி ஆழத்திலிருந்து மின்மோட்டாரால் ஏற்றப்படுகிறது, அல்லது கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே எங்கோ ஓடும் ஓர் ஆற்றிலிருந்து வந்து சேர்கிறது. மேல்நிலைத் தொட்டியில் ஏறி, மண்ணுக்கடியில் புதைந்த குழாய்களில் ஓடி, வீட்டு வாசலில் வந்து விழுகிறது. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் அறிவிக்கப்பெற்ற ஜல் ஜீவன் திட்டம், வீடுதோறும் குழாய் இணைப்பையும் நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரையும் இலக்காகக் கொண்டது. பெரிய மாற்றம்தான். ஆனால் கிணற்றடியிலிருந்து வாசலுக்குத் தண்ணீர் வந்த அதே வேளையில், தண்ணீர் நம் கண்ணைவிட்டு மறைந்தும்போயிற்று. எங்கே ஒழுகுகிறது, எங்கே கலக்கிறது, யார் வீட்டில் கூடுதலாகப் போகிறது என்பது எதுவும் வெளியே தெரிவதில்லை. கண்ணால் பார்க்க முடியாததை எழுதிவைத்துத்தான் பார்க்கமுடியும். ஆதலின் குறிப்பேடு என்பது அதிகாரிகள் வந்தால் காட்டுவதற்கான காகிதம் என்று உறுப்பினர்கள் கருதலாகாது. பழைய கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த கண்ணுக்கு ஈடாக இன்று நம்மிடம் இருப்பது அதுவே.

1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், தெருக்கள், விளக்குகள், வடிகால், துப்புரவு, சுடுகாடு, இடுகாடு ஆகியவற்றோடு தண்ணீர் வழங்கும் ஏற்பாடுகளையும் 110-ஆம் பிரிவில் கிராம ஊராட்சியின் கடமைகளாகக் கூறுகிறது. மற்றவற்றில் ஒரு நாள் தாமதம் ஏற்பட்டால் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள். தண்ணீரில் பொறுக்கமாட்டார்கள்; பொறுக்கவும் முடியாது.

ஒரு சிறு கணக்கு

400 வீடுகளும் 1,600 மக்களும் உள்ள ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். நபருக்கு 55 லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 88,000 லிட்டர் தேவை. தொட்டி 30,000 லிட்டர் கொள்ளளவு உடையதாயின், நாளில் ஏறத்தாழ மூன்று முறை நிரப்பவேண்டும். ஐந்து குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு 9,000 லிட்டர் ஏற்றுவதாகக் கொண்டால், ஒருமுறை தொட்டி நிரம்ப மூன்று மணி இருபது நிமிடம் ஆகும். மூன்று முறைக்கும் சேர்த்துப் பத்து மணி நேரம் மோட்டார் ஓடவேண்டும். மணிக்கு நாலரை யூனிட் மின்சாரம் என்றால் ஒரு நாளைக்கு 45 யூனிட், மாதத்திற்கு 1,350 யூனிட். யூனிட் எட்டு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 10,800 ரூபாய் மின்கட்டணத்திற்கு மட்டும் ஆகிறது.

உறுப்பினர்கள் தத்தம் ஊரின் வீடுகள், தொட்டி, மோட்டார் இவற்றிற்கேற்ப இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கவேண்டும். செயலரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது போதாது. தாமே காகிதத்தில் போடவேண்டும். போட்டுப் பார்த்தவர்க்கு இனிமேல் எந்த எண்ணைப் பார்த்தாலும் அதன் பொருள் புலப்படும்.

எவ்வாறெனில், மூன்று மணி இருபது நிமிடத்தில் நிரம்பிக்கொண்டிருந்த தொட்டி, சில வாரங்களாக நிரம்ப நான்கு மணி நேரம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெறும் நாற்பது நிமிடந்தானே என்று தோன்றும். நாளில் மூன்று முறைக்கு இரண்டு மணி நேரம், ஒன்பது யூனிட், மாதத்திற்கு 270 யூனிட், ரூபாய் 2,160. இப்பணம் போவது ஒருபுறமிருக்க, அந்த நாற்பது நிமிடம் நமக்கு ஒரு செய்தியைச் சொல்லுகிறது. ஆழ்துளைக் கிணற்றில் நீர்மட்டம் இறங்கியிருக்கலாம். மோட்டாரின் உள்ளுறுப்பு தேய்ந்திருக்கலாம். மின்னழுத்தம் குறைந்திருக்கலாம். மோட்டாருக்கும் தொட்டிக்கும் இடையே குழாய் எங்கேனும் விட்டிருக்கலாம். மின்பலகையிலுள்ள வோல்ட் மீட்டரைப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. எடை கட்டிய கயிற்றை இறக்கி நீர்மட்டத்தை அளப்பது அரைமணி வேலை. குழாய் செல்லும் வழியில் நடந்து, கோடையிலும் பச்சைப் புல் அடர்ந்து நிற்கும் இடம் உண்டா என்று பார்ப்பது இன்னும் எளிது. இவற்றை உரிய காலத்தில் செய்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். நேரத்தைக் குறித்துவைக்காத ஊரில், மோட்டார் எரிந்து, ஊரார் காலிக் குடங்களுடன் சாலையில் அமர்ந்த பிறகே இச்செய்தி தெரியவருகிறது. பழுதான மோட்டாரை வெளியே தூக்க வண்டி வரும்வரை யாரும் ஒன்றும் செய்யமுடியாது.

ஆகவே, தண்ணீர் திறந்துவிடும் பணியாளரிடம் ஒரு குறிப்பேடு இருக்கவேண்டும். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மின்மீட்டர் காட்டும் எண், தொட்டி நிரம்பிய நேரம், போட்ட பிளீச்சிங் பவுடரின் அளவு ஆகியவற்றை அவர் நாள்தோறும் எழுதினால் போதும். எழுதத் தயங்குபவராயின் வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கொண்டு எழுதட்டும். எண்கள் உண்மையாக இருக்கவேண்டும் என்பது ஒன்றே முக்கியம். ஒரு மாதப் பக்கங்கள் முழுவதும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே நேரங்களாக இருந்தால் அவை ஒரே மாலையில் எழுதப்பட்டவை என்பதைக் கண்டுகொள்ள அதிக அனுபவம் வேண்டியதில்லை! அத்தகைய குறிப்பேட்டைக் காட்டிலும், விடுபட்ட நாட்களோடு கூடிய உண்மைக் குறிப்பேடே மேலானது என்பது என் கருத்து.

மருந்தும் மஞ்சள் நிறமும்

பிளீச்சிங் பவுடர் இடுவதைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டியிருக்கிறது. நல்ல பவுடரில் ஏறத்தாழ 33 சதவீதம் குளோரின் இருக்கும். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்ற அளவில் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம் ஆகிறது. அப்பொழுது ஒரு லிட்டர் நீரில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேற்பட்ட குளோரின் சேரும். இது தொடக்கத்திற்கான ஓர் அளவே. சோதனையைக் கொண்டு கூட்டவோ குறைக்கவோ வேண்டும். பவுடரை அப்படியே தொட்டிக்குள் கொட்டுவது தவறு. வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றவேண்டும். ஊற்றியபின் அரைமணி நேரமாவது கழித்தே ஊருக்கு வால்வைத் திறக்கவேண்டும். கிருமிகள் சாக அந்த அவகாசம் தேவை. வாய் திறந்து கிடக்கும் மூட்டையில், ஈரம்பட்ட அறையில் இருக்கும் பவுடர் சில வாரங்களில் வீரியம் இழந்துவிடும். அதை 120 கிராம் போட்டாலும் சுண்ணாம்பு போட்டதற்கு ஒப்பானதே. எனவே சிறிய அளவில் வாங்கி, மூடியுள்ள கலத்தில், உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்வது நலம்.

இந்தியத் தர நிர்ணயத்தின்படி கிருமிநீக்கம் செய்த குடிநீரில், குழாய் முனையில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும். குளோரோஸ்கோப் என்னும் சிறு கருவியில் நீரை எடுத்துச் சில துளி மருந்து விட்டால், குளோரின் இருக்கும் நீர் மஞ்சள் நிறமடையும். வேறு வகைச் சோதனைப் பெட்டிகளில் அது இளஞ்சிவப்பாக மாறும். இதனைச் செய்யப் பட்டம் பெற்றவர் வேண்டியதில்லை. மகளிர் சுயஉதவிக் குழுவினர் பல ஊர்களில் சிறப்பாகச் செய்துவருகிறார்கள்.

ஆனால் சோதனைக்குரிய நீரை எங்கே எடுப்பது? இதில்தான் நான் தவறினேன்.

நான் கண்ட ஓர் ஊர்

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஓர் ஒன்றியத்தில் நிகழ்ந்தது இது. ஊரின் பெயர் வேண்டாம். மேட்டுத் தெருவில் தொட்டி. அங்கிருந்து இரண்டு தெருக்களைக் கடந்து, ஒரு வடிகாலைத் தாண்டி, கடைசியில் நாற்பது வீடுகள் உள்ள ஆதிதிராவிடர் குடியிருப்பில் குழாய் முடிகிறது. நம் கிராமங்கள் பலவற்றில் குழாயின் கடைக்கோடி இத்தகைய குடியிருப்பாகவே அமைந்துவிடுகிறது. இது தற்செயலன்று, ஊர்கள் அமைந்த விதம் அவ்வாறானது. ஒரு மாதத்திற்கு இருமுறையாவது அவ்வூர்த் தொட்டியை நான் பார்வையிட்டு வந்தேன். தொட்டி கழுவப்பட்டிருந்தது. கழுவிய தேதி சுவரில் எழுதப்பட்டிருந்தது. தொட்டியடிக் குழாயில் நீர் எடுத்துச் சோதித்தால் மஞ்சள் நிறம் அழகாக வந்தது. திருப்தி என்று எழுதிக் கையொப்பமிட்டு வந்தேன்.

ஒரு நாள் அக்குடியிருப்பில் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு என்று தகவல் வந்தது. ஒரே நாளில் ஒன்பது குழந்தைகள். சுகாதாரத் துறையினர் வந்து தொட்டியைச் சோதித்தார்கள், குறையில்லை. நானும் குறையில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பொழுது ஒரு மூதாட்டி என்னருகே வந்து, “தண்ணி வருதான்னுதான் பாக்குறீங்க. வந்த தண்ணிய ஒரு வாய் குடிச்சுப் பாத்தீங்களா ஐயா?” என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை. அதனாலேயே எனக்குத் தலை குனிவாயிற்று. அவர் வீட்டு வாசல் குழாயில் நீர் எடுத்துச் சோதித்தோம். நிறமே மாறவில்லை. தொட்டியில் இருந்த மருந்து கடைக்கோடியில் அறவே இல்லை. வழியில் எங்கோ அழுக்கு கலந்து, அந்த அழுக்கு மருந்து முழுவதையும் தின்றுவிட்டது என்பதே அதன் பொருள்.

குழாய் சென்ற வழியே தோண்டிக்கொண்டு போனோம். வடிகாலுக்கு அடியில் ஓர் இணைப்பு விட்டிருந்தது. ஆனால் குழாய்க்குள் நீர் அழுத்தத்துடன் ஓடும்போது விரிசலில் நீர் வெளியேதான் ஒழுகவேண்டும். வெளியிலுள்ள சாக்கடை உள்ளே எப்படிப் போகும்? விடை மேட்டுத் தெருவில் இருந்தது. அங்கே பதினொரு வீடுகளில் பொதுக் குழாயோடு நேரடியாக அரைக் குதிரைத்திறன் மோட்டார்களைப் பொருத்தியிருந்தார்கள். தண்ணீர் விடும் நேரத்தில் அவை அனைத்தும் ஓடும். குழாயிலுள்ள நீரை அவை இழுத்துக்கொள்ளும்போது கடைக்கோடியில் அழுத்தம் அற்றுப்போகிறது. அதற்குமேலும் இழுத்தால், குழாய் தானே வெளியிலுள்ளதை உறிஞ்சத் தொடங்குகிறது. விரிசல் வழியே சாக்கடை உள்ளே சென்றது இவ்வாறுதான். அழுத்தம் குறைந்ததால் குடியிருப்பு மக்கள் வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ்த்தி வைத்திருந்தார்கள். அக்குழிகளில் தேங்கிய நீரும் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. மேட்டுத் தெருவில் மோட்டார் போட்டவர்கள் பிறருக்குத் தீங்கு நினைத்துப் போட்டவர்களல்லர். மாடியிலுள்ள தொட்டி நிரம்பவேண்டும் என்று போட்டார்கள். அவ்வளவே. தெருவின் மறுகோடியில் என்ன நிகழ்கிறது என்று அவர்கள் பார்த்ததில்லை, நானும் பார்க்கவில்லை.

குழந்தைகள் அனைவரும் பிழைத்தெழுந்தனர். இரண்டு குழந்தைகள் மட்டும் பல நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது.

மோட்டாரை அகற்றுவது யார்?

விட்டுப்போன இணைப்பை அன்று மாலையே சரிசெய்துவிட்டோம். பதினொரு மோட்டார்களை அகற்ற நான்கு மாதங்கள் ஆயின. அவற்றுள் ஒன்று பஞ்சாயத்து உறுப்பினர் ஒருவரின் வீட்டில் இருந்தது. இரண்டு, தலைவரின் உறவினர் வீடுகளில். முதற் கூட்டத்தில், “குடிநீர்ப் பிரச்சினை குறித்து விவாதிக்கப்பட்டது. ஆவன செய்யத் தீர்மானிக்கப்பட்டது” என்று எழுதினார்கள். நம் தீர்மானப் புத்தகங்களில் அடிக்கடி காணப்படும் வாக்கியம் இது. ஆவன எவை, அவற்றைச் செய்பவர் யார், எந்த நாளுக்குள் என்று ஒன்றும் இல்லாத தீர்மானம் எவரையும் கட்டுப்படுத்தாது. எவரையும் கட்டுப்படுத்தக்கூடாது என்பதற்காகவே அவ்வாறு எழுதப்படுகிறதோ என்றுகூட எனக்குச் சில சமயங்களில் தோன்றியதுண்டு.

அடுத்த கூட்டத்தில் அந்த உறுப்பினரே எழுந்து, தம் வீட்டு மோட்டாரை முதலில் கழற்றுவதாகச் சொன்னார். குடியிருப்பிலிருந்து வந்த பெண் உறுப்பினர் அதற்கு முந்தைய வாரம் அவர் வீட்டுக்கே சென்று, அவர் மனைவியிடம் ஒரு குடம் தண்ணீரைக் காட்டிப் பேசியிருந்தார் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது. அதன்பின் எழுதப்பட்ட தீர்மானம் வேறு விதமாக அமைந்தது. பதினொரு இணைப்புகளும் தெருவாரியாகக் குறிப்பிடப்பட்டன. பதினைந்து நாள் அவகாசத்துடன் எழுத்து மூலம் அறிவிப்பு. அதன்பின் மோட்டார் காணப்பட்டால் இணைப்பைத் துண்டித்தல். துண்டிக்கும்போது உடன் இருக்கவேண்டிய உறுப்பினர் இன்னார். அடுத்த கூட்டத்தில் செயலர் நிலையைத் தெரிவிக்கவேண்டும் என்று எழுதினார்கள். ஒன்பது பேர் தாமே கழற்றிவிட்டார்கள். இரண்டு இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இரவோடு இரவாக மீண்டும் பொருத்தப்பட்டு, மீண்டும் துண்டிக்கப்பட்டது. தலைவருக்கும் அவர் உறவினருக்கும் பேச்சு நின்றுபோனது. இன்றும் நின்றேயிருக்கிறது என்று கேள்வி.

மாடிக்கு நீர் ஏற்ற விரும்புவோர்க்கு வழி இல்லாமலில்லை. தரையில் ஒரு சிறு தொட்டி கட்டி, குழாய் நீரை அதில் விழவிட்டு, அதிலிருந்து மோட்டாரால் ஏற்றிக்கொள்ளலாம். இதனால் பொதுக் குழாய்க்குத் தீங்கில்லை. அறிவிப்பு கொடுக்கும்போதே இதனையும் எடுத்துச் சொன்னால் பாதிச் சண்டை குறையும்.

2016-ஆம் ஆண்டில் செய்யப்பெற்ற சட்டத் திருத்தத்தால் நம் மாநில ஊராட்சிகளில் பாதி இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. தண்ணீர்க் காரியத்தில் இதன் பயனை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்ற கேள்விக்கு ஆண் உறுப்பினர்கள் செயலரைப் பார்ப்பார்கள். பெண் உறுப்பினர்கள் உடனே விடை சொல்வார்கள்.

தேர்ந்தெடுக்கப்பெற்ற மன்றங்கள் இல்லாத காலங்களில் பொறுப்பு தனி அலுவலர்களாகிய எங்களிடம் வருகிறது. 2016 அக்டோபர் தொடங்கி 2019-இன் இறுதிவரை அவ்வாறிருந்தது. 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தபோதும் அவ்வாறே நேர்ந்தது. ஒன்றியத்திலுள்ள பஞ்சாயத்துகள் அனைத்திற்கும் ஓர் அலுவலர் கையொப்பமிடலாம். ஆனால் அத்தனை ஊர்களின் கடைக்கோடிக் குழாய்களிலும் அவர் காலைதோறும் கைவைத்துப் பார்க்க இயலாது. அத்தெருவில் வாழ்பவரால்தான் இயலும். முன்னாள் உறுப்பினர்களும், இனி வரவிருப்பவர்களும் பதவி இருந்தால்தான் இதனைப் பார்க்கலாம் என்று கருதவேண்டியதில்லை.

கட்டணம் கேட்பதில் கூச்சம்

மேலே கூறிய ஊர்க் கணக்கில் மின்சாரத்திற்கே 10,800 ரூபாய் ஆகிறது என்று கண்டோம். 400 வீடுகளும் மாதம் 30 ரூபாய் செலுத்தினால் 12,000 ரூபாய் வரும். 240 வீடுகள் மட்டும் செலுத்தினால் 7,200 ரூபாய். மின்கட்டணத்திற்கே 3,600 ரூபாய் குறைகிறது. பணியாளர் ஊதியம், பவுடர், வால்வு, மோட்டார்ப் பழுது எல்லாம் இதற்கு அப்பாற்பட்டவை. அரசு மானியத்திலிருந்து ஈடு செய்கிறோம் என்பர். செய்யலாம். ஆனால் அவ்வாறு போகும் பணம் தெருவிளக்கிற்கும் வடிகாலுக்கும் வரவேண்டிய பணம். அந்த வடிகால் சரியாக இருந்திருந்தால் மேற்சொன்ன ஊரில் விரிசலுக்கு வெளியே சாக்கடையே இருந்திராது.

பாக்கி வைப்போர் ஏழைகள் என்று பொதுவாக நினைக்கிறோம். நான் பார்த்த கேட்புப் பதிவேடுகளில் நிலைமை பெரும்பாலும் அவ்வாறில்லை. கூலி வேலை செய்வோர் மாதாமாதம் கொடுத்துவிடுகிறார்கள். நீண்டகாலப் பாக்கி பெரிய வீடுகளில்தான் நிற்கிறது. அங்கே போய்க் கேட்கச் செயலருக்குத் துணிவு வருவதில்லை. உறுப்பினர் உடன் சென்றால் வரும். வருடக் கடைசியில் மொத்தமாகக் கேட்பதினும், அறுவடை முடிந்து கையில் பணம் புழங்கும் தை, மாசி மாதங்களில் கேட்பது எளிது. பணம் வாங்கிய அக்கணமே ரசீது கொடுக்கவேண்டும். “ரசீது பிறகு தருகிறேன்” என்று ஒருமுறை சொன்ன ஊரில், அதற்குப் பிறகு வசூல் ஏறுவது கடினம்.

வீணாவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பிடி உடைந்த தெருக்குழாயில் நிமிடத்திற்குப் பத்து லிட்டர் வீதம் இரண்டு மணி நேரம் ஓடினால் 1,200 லிட்டர் போகிறது. இது இருபத்தொரு பேரின் ஒரு நாள் நீர். ஒரு கைப்பிடியின் விலையை எண்ணிப் பார்த்து உறுப்பினர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

மார்ச் 22-இல் வாசிக்கவேண்டியது

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு, 2022-ஆம் ஆண்டு முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் நாளான நவம்பர் 1-ம் கிராம சபைக் கூட்ட நாட்களாயின. மார்ச் 22 நமக்கு மிகப் பொருத்தமான நாள். பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கும் சமயம் அது. அன்று தண்ணீரின் பெருமையைப் பற்றிப் பேசுவோர் பலர் இருப்பார்கள். பஞ்சாயத்து செய்யவேண்டியது வேறு: குறிப்பேட்டை எடுத்துவந்து வாசித்தல். சென்ற பங்குனியில் தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் ஆயிற்று, இந்தப் பங்குனியில் எத்தனை மணி நேரம், மீட்டர் எவ்வளவு ஓடியது, கட்டணம் எவ்வளவு வந்தது, கடைக்கோடிக் குழாயில் மருந்துச் சோதனை எத்தனை நாள் தேறியது என்று நான்கு வரிகள் போதும். கடைக்கோடித் தெருவார் அங்கே அமர்ந்திருக்கும்போது இவற்றை வாசிக்கவேண்டும். எண்கள் பொய்யானால் அவர்களே அங்கேயே சொல்லிவிடுவார்கள். அதைக் காட்டிலும் நல்ல தணிக்கை எனக்குத் தெரிந்தவரை இல்லை.

தண்ணீர் விடும் நேரத்தையும் அக்கூட்டத்திலேயே திருத்திக்கொள்ளலாம். கோடையில் எல்லாத் தெருக்களுக்கும் ஒரே சமயத்தில் திறந்தால் கடைக்கோடிக்கு எட்டாது. வால்வுகளைக் கொண்டு தெருவாரியாகப் பிரித்து, முதல் முறை கடைக்கோடிக்கு என்று வைத்துக்கொண்ட ஊர்களில் சண்டை குறைந்திருக்கிறது. இதற்கு வால்வுக் குழிகள் மண்ணும் குப்பையும் இன்றி, மூடியோடு இருக்கவேண்டும். திருகமுடியாமல் துருப்பிடித்த வால்வுகளைப் பங்குனிக்கு முன்பே மாற்றிவிடவேண்டும்.

இறுதியாக, தண்ணீர் திறந்துவிடும் பணியாளரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கலாகாது. விடியுமுன் எழுந்து மோட்டார் போடுபவர் அவர். மின்சாரம் நின்றாலும் குழாய் உடைந்தாலும் ஊரின் ஏச்சு முதலில் விழுவது அவர்மீதே. அவருக்குரிய ஊதியம் சிறிது. அதுவும் சில ஊர்களில் மாதம் தவறி வருகிறது. நாற்பது அடி உயரத்தில் ஏணி துருப்பிடித்திருந்தால் முதலில் அதை மாற்றவேண்டும். தொட்டியை மாதம் இருமுறை கழுவ இறங்கும்போது துணைக்கு ஓர் ஆளும், இடுப்பில் கட்ட நல்ல கயிறும், மேல்மூடிக்கும் ஏணிக்கும் பூட்டும், இரவில் வால்வுக் குழிக்குள் பார்க்க ஒரு கைவிளக்கும் அவருக்கு வேண்டும். மேற்சொன்ன ஊரில், கடைக்கோடிக் குழாய்ச் சோதனையை நாள்தோறும் எழுத ஒரு புதிய பத்தியைக் குறிப்பேட்டில் சேர்க்கச் சொன்னபோது, அவ்வூர்ப் பணியாளர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “நிறம் மாறலேன்னா யார்கிட்டச் சொல்லணும் சார்?” அக்கேள்விக்கு விடையாக ஒரு பெயரையும் தொலைபேசி எண்ணையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்திலேயே எழுதி ஒட்டினோம்.